இராபர்ட் வைட்டும் கோயம்புத்தூர் அமெரிக்கப் பருத்திப் பண்ணையும் (1842–1853): ஒரு காலனிய வேளாண் வாழ்வின் மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, தாவரவியலாளராகப் புகழ்பெற்ற இராபர்ட் வைட் (1796–1872), 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணையின் பொறுப்பாளராக இருந்தார். இப்பண்ணை உழவரிடையே வேரூன்றவில்லை. அதற்குத் தட்பவெப்பம், நிலவரி, வணிகரின் கலப்படம், குடியானவரின் பழமைப்பற்று எனப் பல காரணங்கள் அக்காலத்திலேயே கூறப்பட்டன. கொங்கு நிலத்தின் மழைக்காலம், மண், பருத்தி வகைகள், விலை முறை ஆகியவற்றோடு அம்முயற்சியை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, உழவர் அமெரிக்கப் பருத்தியை ஏற்காதது அறியாமையின் விளைவன்று, கணக்கிட்டு எடுத்த முடிவு என நிறுவ முயல்கிறது. அதே இனப் பருத்தி அறுபது ஆண்டுகளுக்குள் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் வேரூன்றியமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இராபர்ட் வைட், அமெரிக்கப் பருத்தி, கொங்கு நாடு, நாடன் பருத்தி, உப்பம், கம்போடியாப் பருத்தி, காலனிய வேளாண்மை

1. முன்னுரை

திருப்பூரைச் சூழ்ந்த மங்கலம், சோமனூர், பல்லடம் பகுதிகள் இன்று விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் பெயர் பெற்றவை. இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1888இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட முதல் நூற்பாலையிலிருந்தோ, 20ஆம் நூற்றாண்டின் பனியன் தொழிலிலிருந்தோ தொடங்குகின்றனர். ஆலைக்கு முன்னே நூலும், நூலுக்கு முன்னே பஞ்சும், பஞ்சுக்கு முன்னே நிலமும் இருந்தன. எந்தப் பருத்தியை, எந்த மண்ணில், யாருக்காக விளைவிப்பது என்னும் கேள்வி ஆலைகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கொங்கு நாட்டில் எழுந்துவிட்டது. அக்கேள்வியோடு தம் வாழ்வின் பதினோர் ஆண்டுகளைப் பிணைத்துக்கொண்டவர் இராபர்ட் வைட்.

வைட்டைப் பற்றிய ஆய்வுகள் அவருடைய தாவரவியல் பணியையே மிகுதியும் பேசுகின்றன. பண்ணைப் பணி ஒரு தோல்வியாகச் சில வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. அத்தோல்வியை அவருடைய வாழ்வின் ஓரத்தில் வைக்காமல், கொங்கு வேளாண் வரலாற்றின் ஒரு சான்றாக எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குடியேறியும் கம்பெனிப் பணியாளரும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் கடந்து சென்று நிலத்தில் இறங்கிய பிரித்தானியர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். 1834இல் ஆஸ்திரேலியாவின் போர்ட்லாந்து விரிகுடாவில் இறங்கிய எட்வர்ட் ஹென்ட்டி, ஆட்டுப் பண்ணையையும் திமிங்கில வேட்டையையும் ஒருசேர நடத்தினார். அந்நிலம் குண்டிட்ஜ்மரா மக்களுடையது. அவர்களுக்கு விலையோ குத்தகையோ கொடுக்கப்படவில்லை. கடலும் நிலமும் உரிமையாளர் அற்றவை என்னும் எண்ணமே அத்தகைய குடியேற்றத்தின் அடித்தளம்.

கொங்கு நாட்டில் அவ்வாறு எண்ண இடமில்லை. இங்கே ஒவ்வொரு புலமும் உழப்பட்டு, அளக்கப்பட்டு, வரி விதிக்கப்பட்டிருந்தது. 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கோயம்புத்தூர் கம்பெனியின் ஆட்சிக்கு வந்ததும் இரயத்துவாரி முறை இங்கே நிலைபெற்றது. கம்பெனியின் வருவாய் அந்த உழவரின் கையில் இருந்தது. ஐரோப்பியர் இந்தியாவில் தங்கி நிலம் வைத்துக்கொள்ள 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இடம் கொடுத்தபோதும், சமவெளியில் உழவரை அகற்றிவிட்டுக் குடியேறுவது ஆட்சிக்கே கேடாக முடிந்திருக்கும். ஆகவே இங்கு வந்த ஐரோப்பிய வேளாளர், நிலத்தைக் கைப்பற்றும் குடியேறியாக அன்றி, உழவருக்கு முன்மாதிரி காட்டும் பண்ணையாளராகவே செயல்பட வேண்டியிருந்தது. முன்மாதிரி என்பது பிறர் பின்பற்றினால்தான் வெற்றி. வைட்டின் பண்ணை எதிர்கொண்ட சோதனையின் இயல்பு இதுவே.

3. மருத்துவர் பண்ணைப் பொறுப்பாளர் ஆனமை

ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனில் பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1819இல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1828இல், செலவுக் குறைப்பின் பெயரால் அப்பதவி ஒழிக்கப்பட்டு, அவர் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். 1831இல் விடுப்பில் தாயகம் சென்றவர், வாக்கர் ஆர்னட்டுடன் இணைந்து தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலின் முதல் தொகுதியை 1834இல் வெளியிட்டுத் திரும்பினார்.

தூய தாவரவியலுக்குக் கம்பெனி ஊதியம் தராது என்பதை 1828ஆம் ஆண்டின் அனுபவம் அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும். 1836இல் அவர் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி முதலிய வணிகப் பயிர்களைப் பற்றி அறிக்கை தரும் பணியில் அமர்த்தப்பட்டார். 1842இல் கோயம்புத்தூர்ப் பருத்திப் பண்ணைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. பகலில் பருத்தியும் எஞ்சிய பொழுதில் செடியினங்களுமாக அமைந்த அவருடைய இரட்டை வாழ்வு, பயன் தரும் அறிவை மட்டுமே பேணிய ஓர் ஆட்சியின்கீழ் அறிவியலாளர் ஒருவர் கண்டறிந்த வழி எனலாம்.

4. மான்செஸ்டரின் தேவையும் மிசிசிப்பியின் அனுபவமும்

லங்காஷயர் ஆலைகளின் பஞ்சுத் தேவையில் மிகப் பெரும் பகுதியை அமெரிக்கத் தென்மாநிலங்கள் நிறைவு செய்தன. அப்பஞ்சு அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பிரித்தானியா, தன் முதன்மைத் தொழிலுக்கு அடிமை உழைப்பையே நம்பியிருந்தது. ஒரே நாட்டைச் சார்ந்திருப்பதன் இடரும், அதன் அறம் பற்றிய உறுத்தலும் சேர்ந்து இந்தியப் பருத்தியின்பால் பார்வையைத் திருப்பின.

இந்தியப் பருத்தியின் இழை குட்டையானது. அகலத் தட்டிய கைந்நூலுக்கு அது தக்கது. விரைந்து சுழலும் பொறிக் கதிருக்கு நீண்ட இழை வேண்டும். எனவே இந்திய மண்ணில் அமெரிக்க வகையை வளர்ப்பது தீர்வாகக் கருதப்பட்டது. இது முதல் முயற்சி அன்று. 1819ஐ ஒட்டிக் கோயம்புத்தூர், திருநெல்வேலி உள்ளிட்ட இடங்களில் பூர்போன் வகைப் பருத்திக்கெனக் கம்பெனி பண்ணைகளை அமைத்திருந்தது.

இரண்டாம் முயற்சி இன்னும் விரிவானது. 1839இல் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் பேலிஸ் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பத்துத் தோட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்து, விதையும் கருவிகளும் அரம்பப் பற்கள் கொண்ட பஞ்சு பிரிக்கும் பொறிகளுமாகத் திரும்பினார். அப்பதின்மர் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டனர். சென்னைக்கு வந்தோர் கோயம்புத்தூரில் வைட்டின் மேற்பார்வையில் பணிபுரிந்தனர்.

இங்கே ஒரு முரண் குறிக்கத்தக்கது. அடிமை உழைப்புப் பஞ்சுக்கு மாற்றுத் தேடிய முயற்சி, அடிமைத் தோட்டங்களில் தொழில் கற்றவர்களையே ஆசிரியராக அமர்த்தியது. அவர்களுடைய அனுபவம் விதை, உழவு, களையெடுப்பு பற்றியது மட்டுமன்று. பரந்த நிலம், ஒரே பயிர், மறுக்க இயலாத ஆட்கள் என்னும் ஏற்பாட்டுக்குள் உருவான அனுபவம் அது. சில ஏக்கர் நிலத்தில் குடும்ப உழைப்போடும் பண்ணையாட்களின் உழைப்போடும் பல பயிர் கலந்து விளைவித்த கொங்கு உழவருக்கு அதில் எடுத்துக்கொள்ளத் தக்கது சிறிதே.

5. கொங்கு நிலமும் அதன் பருத்திகளும்

கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மேற்கு ஓரத்தில் சாரல் தருகிறது. கிழக்கே பல்லடம், தாராபுரம் பக்கம் செல்லச் செல்ல அது வெறுங்காற்றாகி மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலோ ஆண்டு மழை ஏறத்தாழ இதன் இரு மடங்கு. அதுவும் பயிர்க்காலம் முழுவதும் பரவிப் பெய்கிறது.

இந்நிலத்துக்கு ஏற்பக் கொங்கு உழவர் இரண்டு வகைப் பருத்திகளைப் பேணிவந்தனர். ஒன்று, கரிசல் மண்ணில் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் உப்பம். ஆணிவேரை ஆழ இறக்கி, மழை நின்ற பின்னும் கரிசலில் தங்கும் ஈரத்தைக் கொண்டு மாசி, பங்குனியில் வெடிக்கும் வகை இது. மற்றொன்று, செம்மண் புஞ்சைக்குரிய நாடன். ஒருமுறை விதைத்தால் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ காய்க்கும் செடி. முதல் ஆண்டில் கம்பு, சோளம் போன்ற தானியங்களுக்கு இடையே வளரும். விளைச்சல் குறைவு, இழை குட்டை. ஆயினும் ஓராண்டு மழை பொய்த்தாலும் செடி அழியாது. மறு விதைப்புச் செலவும் இல்லை.

பிற்காலத் தாவரவியல் இவ்வேறுபாட்டுக்கு அடிப்படையைத் தந்தது. உப்பமும் நாடனும் ஆசியப் பருத்தி இனங்களைச் சேர்ந்தவை; 26 நிறப்புரிகள் கொண்டவை. அமெரிக்கப் பருத்தி 52 நிறப்புரிகள் கொண்ட வேறோர் இனம். அது கூடுதல் ஈரமும் நல்ல உரமும் வேண்டுவது. இலைத் தத்துப்பூச்சிக்கு எளிதில் இரையாவது. தென்னிந்தியப் புஞ்சையில் நூற்றாண்டுகளாகத் தேறிய ஆசிய வகைகளுக்கு இருந்த தாங்குதிறன் அதற்கு இல்லை.

6. பண்ணையின் கணக்கும் உழவரின் கணக்கும்

அமெரிக்க வழக்கப்படி இளவேனிலில் விதைத்தால், கொங்கில் செடி பூக்கும் பருவம் வறண்ட ஆடிக் காற்றில் சிக்கும். ஐப்பசியில் விதைத்தால், காய் முதிரும் முன் மழை நின்றுவிடும். விதைப்புக் காலத்தைத் தென்னிந்தியப் பருவங்களுக்கு ஏற்ப மாற்றியமைப்பதே தீர்வு என வைட் கருதினார். அதற்கான சோதனைகளைத் தொடர்ந்தார். தாவரவியலாளரின் கண் அது. செடியைச் சூழலோடு பொருத்திப் பார்த்தமையில் அவர் தோட்டக்காரர்களைவிட ஒருபடி முன்னே சென்றார் எனலாம்.

இருப்பினும் பண்ணையில் விளைந்தமை உழவர் விளைவிப்பதற்குப் போதிய காரணமாகாது. பண்ணைக்கு அரசின் பணம் இருந்தது. ஓராண்டு பொய்த்தால் அடுத்த ஆண்டு அறிக்கையில் விளக்கம் எழுதலாம். உழவருக்கோ ஆண்டுதோறும் குறித்த தவணையில் கிஸ்தியைப் பணமாகக் கட்ட வேண்டும். அப்பணத்துக்கு அவர் விளைச்சலின்மேல் வணிகரிடம் முன்பணம் பெறுவார். முன்பணம் கொடுத்த வணிகர் விளைச்சலைக் கொட்டையோடு முன்னரே பேசிய விலைக்கு எடுத்துக்கொள்வார். பல புலங்களின் பருத்தி ஒன்றாகக் கலந்து துறைமுகம் செல்லும். நீண்ட இழைக்கு மான்செஸ்டர் கூடுதல் விலை தரலாம். அக்கூடுதல் கோயம்புத்தூர்ப் புஞ்சை வரை இறங்கி வருவதற்கு வழியில்லை. தரமான பருத்தியின் செலவும் இடரும் உழவருக்கு, அதன் ஆதாயம் இடைவணிகருக்கு என்றால், அதை விளைவிக்க மறுப்பதே அறிவுடைமை.

உள்ளூர்த் தேவையையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நாடனும் உப்பமும் ஊர்ப் பெண்டிரின் இராட்டைக்கும், கைக்கோளர், தேவாங்கர் தறிகளுக்கும் பழகிய பஞ்சு. ஏற்றுமதி வணிகர் விலையைக் குறைத்தால் உழவர் உள்ளூரில் விற்கலாம். அமெரிக்கப் பஞ்சுக்கு அன்று உள்ளூரில் நிலையான சந்தை இல்லை. கொட்டை பிரிப்பதிலும் இதே நிலைதான். இரு உருளைகளுக்கிடையே பஞ்சை இழுக்கும் கைப்பொறியை எந்த வீட்டிலும் இயக்கலாம். அரம்பப் பொறிக்கு முதலும் பழுது பார்ப்பவரும் வேண்டும். ஆசியப் பருத்தியின் குட்டை இழையை அது அறுக்கவும் செய்யும்.

7. பழி யார்மேல்? 1848ஆம் ஆண்டு விசாரணை

இந்தியாவில் பருத்தி விளைச்சல் பற்றி ஆராய 1848இல் பிரித்தானிய நாடாளுமன்றக் கீழவை ஒரு தேர்வுக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் மான்செஸ்டரின் குரலாக விளங்கிய ஜான் பிரைட். நிலவரியின் கடுமையும் சாலைகளின்மையும் கம்பெனியின் புறக்கணிப்புமே காரணம் என்பது மான்செஸ்டர் தரப்பு. கோயம்புத்தூரிலிருந்து துறைமுகம் வரை பொதி மாடும் வண்டியுமே அன்றைய போக்குவரத்து. திருப்பூர் வழியே சென்னை–பேப்பூர் இருப்புப் பாதை நிறைவுற்றது 1862இல்தான். அவ்வகையில் இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நல்ல பருத்திக்கு நல்ல விலையை மான்செஸ்டர் தொடர்ந்து தரவில்லை, அமெரிக்க விளைச்சல் குறையும் ஆண்டில் மட்டுமே இந்தியாவை நினைக்கிறது என்பது கம்பெனி தரப்பு. இதிலும் உண்மை உண்டு. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வானளாவ உயர்ந்த இந்தியப் பஞ்சு விலை, போர் முடிந்ததும் சரிந்தமை இதை மெய்ப்பித்தது.

இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை கூறிய இவ்வழக்கில் உழவர் ஊக்கமூட்டப்பட வேண்டியவராகவோ, இரங்கப்பட வேண்டியவராகவோ தோன்றுகிறாரேயன்றி, முடிவெடுப்பவராகத் தோன்றவில்லை. வைட்டும் இப்பார்வையிலிருந்து முழுமையாக விலகியவர் அல்லர். முறையான பயிர்ப்பருவம் கண்டறியப்பட்டால் உழவர் தாமே பின்பற்றுவர் என அவர் நம்பினார். செடியின் தேவையை நுணுகி ஆராய்ந்தவர், உழவரின் வரவு செலவை அதே நுணுக்கத்தோடு ஆராய முற்படவில்லை.

குடியானவரின் பழமைப்பற்று என்னும் விளக்கம் தவறு என்பதற்குத் தார்வார் ஓர் எதிர்ச்சான்று. பம்பாய் மாகாணத்தின் அப்பகுதிக்கும் இதே திட்டத்தின்கீழ்த்தான் அமெரிக்க விதை சென்றது. ஈரமும் மிதமான வெப்பமும் அங்கே பொருந்தின. உழவர் அதை ஏற்றனர். தார்வார்–அமெரிக்கன் என்னும் பெயரில் அது சந்தையில் நிலைபெற்றது. ஒரே விதையை ஓரிடத்தில் ஏற்று, மற்றோரிடத்தில் மறுத்தவர்களைப் பழமைப்பற்றாளர் என ஒரு சொல்லில் அடக்க இயலாது.

8. பண்ணைக் காலத்தின் மறுபக்கம்: ஓவியரும் உழவரும்

வைட்டின் தாவரவியல் வெளியீடுகளுள் தலையாயவை பல இக்கோயம்புத்தூர்க் காலத்தில் நிறைவெய்தின. 1838இல் தொடங்கிய அவருடைய பெரும் படத்தொகுப்பு 1853இல் ஆறு தொகுதிகளாக, 2,101 படத்தகடுகளோடு முற்றுப்பெற்றது. நீலகிரித் தாவரங்கள் பற்றிய படநூலும் இக்காலத்ததே. இப்படங்களை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். வைட் தம் தகடுகளில் அவர்களுடைய பெயரைப் பொறித்தார். ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இந்திய ஓவியர் பெரும்பாலும் பெயரின்றி மறைந்த காலத்தில் இது அரிய செயல்.

இதே ஒப்பீட்டில் பண்ணையின் குறை தெளிவாகிறது. படத்தில் ஓவியரின் கைத்திறன் கண்ணுக்குத் தெரிந்தது. அதை வைட் ஏற்றுப் போற்றினார். புஞ்சையில் உழவரின் அறிவு விதைக்கும் நாளிலும், இணைப்பயிரிலும், செடியை மறு ஆண்டுக்கு விட்டுவைப்பதிலும் உறைந்திருந்தது. அது அறிவாகப் பதிவாகாமல் வழக்கம் என்ற அளவில் நின்றுவிட்டது.

1853இல் ஓய்வு பெற்ற வைட் இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லியில் நிலம் கொண்டு வேளாண்மை செய்து வாழ்ந்தார். உள்நாட்டுப் போரால் பஞ்சுத் தட்டுப்பாடு வந்தபோது பருத்தி வேளாண்மை பற்றி மீண்டும் எழுதினார். அமெரிக்கப் பருத்தி இந்தியாவில் விளையும் என்னும் நம்பிக்கையைக் கைவிடாமலேயே 1872இல் மறைந்தார்.

9. கம்போடியாப் பருத்தி: அறுபது ஆண்டுகளுக்குள்

அவருடைய நம்பிக்கை ஒருவகையில் மெய்யானது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. இந்தோசீனா வழியே வந்தமையால் அப்பெயர் பெற்றதாயினும், இனத்தால் அது அமெரிக்கப் பருத்தியே. கோயம்புத்தூர் மாவட்ட உழவர் அதை விரைந்து ஏற்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் மறுத்த அதே இனத்தை இப்போது ஏற்றமைக்கான காரணங்கள் மூன்று.

முதலாவது, நீர். உழவர் கம்போடியாவை மானாவாரிப் புஞ்சையில் அன்றி, கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் விதைத்தனர். பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை இறைத்துத் தோட்டம் செய்வது கொங்கின் பழந்தொழில். மழையை நம்பிய செடி பொய்த்த இடத்தில், இறைத்த நீரை நம்பிய செடி தழைத்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் இறைவைப் பொறிகள் இதை மேலும் விரித்தன.

இரண்டாவது, சந்தை. 1888க்குப் பின் கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. திருப்பூர் பஞ்சுச் சந்தையாகவும் அரவை மையமாகவும் வளர்ந்தது. நீண்ட இழைக்கு உரிய கூடுதல் விலை கடல் கடந்து வர வேண்டியதில்லை. ஒருநாள் வண்டித் தொலைவில் கிடைத்தது.

மூன்றாவது, ஆய்வு முறை. 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்ட வேளாண் கல்லூரியும் அதனையொட்டி வளர்ந்த பருத்தி ஆய்வும், உழவர் தேர்ந்த வகையையே எடுத்து அதிலிருந்து பொறுக்கு விதைகளை உருவாக்கின. பிற்காலத்து எம்.சி.யூ. வரிசையின் பெயரில் சென்னை, கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று பெயர்களும் இன்றும் ஒளிந்துள்ளன.

10. முடிவுரை

வைட்டின் கோயம்புத்தூர்ப் பண்ணையை ஒரு தனிமனிதரின் தோல்வியாகவோ, தட்பவெப்பத்தின் குறையாகவோ மட்டும் கொள்வது பொருந்தாது. விதையை மட்டும் கொண்டுவந்து, அவ்விதையைத் தாங்கும் நீர், விலை, சந்தை ஆகியவற்றைக் கொண்டுவராத ஒரு திட்டத்தின் எல்லையை அது காட்டுகிறது. நிலம் பறிக்கப்பட்ட குடியேற்ற நாடுகளில் குடியேறியின் விருப்பமே பயிரைத் தீர்மானித்தது. நிலம் உழவரிடமே நின்ற கொங்கில், வரியின் அழுத்தத்துக்கும் வணிகரின் கடனுக்கும் இடையிலும் பயிரைத் தேரும் உரிமை ஓரளவு உழவரிடம் எஞ்சியிருந்தது. 1840களில் மறுத்தும் 1900களில் ஏற்றும் அவ்வுரிமையை அவர்கள் செலுத்தினர்.

இம்முடிவு வட்டார வரலாற்றாய்வுக்கு ஒரு தேவையையும் சுட்டுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர்த் துணித்தொழிலின் வரலாறு ஆலை முதலாளிகளின் முனைவு வரலாறாகவே மிகுதியும் எழுதப்பட்டுள்ளது. மங்கலம், பல்லடம், அவிநாசி வட்டாரத்துக் கிணறுகளின் கணக்கும், கிராமக் கணக்கரின் பயிர்ப் பதிவுகளும், அரவை ஆலைகளின் பேரேடுகளும் தொகுக்கப்பட்டால், அத்தொழிலுக்கு அடித்தளமிட்ட முடிவுகள் எந்தத் தோட்டங்களில், எந்தக் கணக்கின் அடிப்படையில் எடுக்கப்பட்டன என்பதை இன்னும் துல்லியமாக அறிய இயலும்.